ஆயில் சூடேறட்டும்

விடிவதற்கு முன்பே லாரிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டேன். முதுகில் ஜல்லி குத்தியது. கியர்பாக்ஸின் அடியில் ஒரு போல்ட்டைக் கழற்றி, அந்த ஓட்டையில் பிரஷர் கேஜின் குழாயை முடுக்கினேன். பழைய ஆயில் முழங்கை வழியாக வழிந்து அக்குளுக்குள் போனது. போன வாரம் இதே லாரிதான் கல்குவாரி ஏற்றத்தில் முழு லோடோடு பின்னால் சறுக்கிப் பாறையில் மோதியது. ஓட்டியவர் என் அக்கா வீட்டுக்காரர். ஒரு காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

"நியூட்ரல்ல போட்டுட்டுத் தூங்கிட்டான்" என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா அழவில்லை. என் சட்டையைப் பிடித்து, "அவன சும்மா விடாதடா" என்றாள். எனக்கும் விடுகிற உத்தேசம் இல்லை. ஸ்பேனரைப் பிடிக்கும்போதெல்லாம் அந்த ஆளின் கழுத்தைப் பிடிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

இந்த வண்டியில் கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிப்பது ஆயிலின் அழுத்தம். அது குறைந்தால் இன்ஜின் கத்தும், சக்கரத்துக்குப் பிடிப்பு இருக்காது. ஏற்றத்தில் அப்படி ஆனால் அத்தனை கல்லையும் வெறும் பிரேக்கா நிறுத்தும்? ஆயில் அளவு சரியாக இருந்தது. ஃபில்டரில் அடைப்பில்லை. குழாய்கள் எங்கும் காற்று இழுக்கவில்லை. மிச்சம் பம்பு ஒன்றுதான். அது தேய்ந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி மச்சானுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

முதலாளி இன்சூரன்ஸ்காரரை விடியற்காலையிலேயே கூட்டிவந்தார். முதலாளியும் ஒரு காலத்தில் டிரைவர்தான், எல்லாம் தெரிந்த ஆள். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும். தேய்ந்த பம்புகூட அப்போது கேஜின் முள்ளை நிமிர்த்திவிடும். இன்ஜினை முடுக்கியதும் முள் நிமிர்ந்துதான் நின்றது.

"பாத்தீங்களா சார்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"ஆயில் சூடேறட்டும் சார். அப்புறம் பாருங்க" என்றேன்.

"சாருக்கு நேரமில்லடா."

அப்போது கல் அள்ளும் லோடர் ஒன்று உருண்டுவந்து அவர்கள் ஜீப்புக்குப் பின்னால் வழியை அடைத்து நின்றது. மலை மாதிரி இருக்கும் அதன் டிரைவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஒல்லி. "டீசல் தீந்துபோச்சு முதலாளி" என்றான், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

நான் லாரியில் ஏறினேன். பிரேக்கை மிதித்தபடி கியரைப் போட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். வண்டி அதிர்ந்தது, ஆயில் கருகும் வாசம் வந்தது. கீழே கேஜைப் பிடித்திருந்த வெல்டர் அண்ணன், "எறங்குது! எறங்குது!" என்று கத்தினார். முள் சிவப்பில் படுத்துவிட்டது. இன்சூரன்ஸ்காரரும் குனிந்து பார்த்தார்.

"கேஜ் கோளாறு" என்றார் முதலாளி. பிறகு என் ஜன்னலருகே வந்து குரலைத் தாழ்த்தி, "கெட்டி ஆயில ஊத்துடா, முள்ளு எந்திரிக்கும்" என்றார்.

"முள்ளு எந்திரிக்கும். மச்சான் எந்திரிப்பாரா?"

நியூட்ரலில் தள்ளி ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டே குதித்தேன். "வண்டி நல்லாருக்குன்னா நீங்களே லோடோட மேல ஏத்திக் காட்டுங்க."

மச்சானுக்குப் பதிலாக எடுத்திருந்த புது டிரைவரை அவர் பார்த்தார். "நீ ஏறுடா."

"எனக்கு ரெண்டு காலும் வேணும் முதலாளி." அவன் வந்து எங்களோடு நின்றுகொண்டான்.

"எல்லாரும் வெளிய போங்க. நாளைக்கு வேற ஆள் வருவான். இன்ஜினையாவது அணைச்சுத் தொலைங்கடா!"

ஒருவரும் அசையவில்லை. அவர் டீசல்தானே, எரியட்டும்.

கடைசியில் அவரே அணைக்கப் போனார். கதவருகே தயங்கினார். ஏற்றத்தின் அடிவாரம் அது, தரை லேசாகச் சரிந்திருந்தது. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார். வெள்ளைச் சட்டை அழுக்காக இரண்டு பெரிய கற்களைத் தூக்கிவந்து பின்சக்கரங்களுக்கு அண்டக் கொடுத்தார். காலால் உதைத்தும் பார்த்துக்கொண்டார். அப்புறம்தான் மச்சானின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"நல்ல வண்டிக்கு எதுக்கு முதலாளி கல்லு?" என்றான் புது டிரைவர்.

டிரைவர் தப்பு என்று எழுத வந்த இன்சூரன்ஸ்காரர் அதை எழுதாமலே பேனாவை மூடிப் பையில் செருகினார். இன்ஜின் அணைந்தது. சாவியைத் திருப்பியவர் சட்டையில் ஒட்டிய அழுக்கைத் தட்டினார், அது இன்னும் பரவியது. எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், இன்னும் அப்பட்டும் என்றிருந்தது.

நாங்கள் கதவைச் சுற்றி நின்றோம்.

"வழி விடுங்கடா. போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க, அவங்களுக்கும் சூடேத்திக் காட்டுறோம்" என்றார் வெல்டர் அண்ணன். "பம்ப மாத்துறேன், அவன் மேல தப்பில்லன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு எறங்குங்க."

அவர் கதவை உள்ளே இழுத்துச் சாத்திக்கொண்டார். நாங்கள் ஜல்லியிலேயே உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. தூரத்தில் கல் உடைக்கும் கிரஷரின் ஓசை நின்றது. கல் சுமக்கும் பெண்கள் கூடைகளைக் கவிழ்த்துவிட்டு வரிசையாக நடந்து வந்தார்கள்.

முன்னால் வந்தவள் இடுப்பில் கைவைத்து எங்களை ஒரு பார்வை பார்த்தாள். "இப்படிப் பரப்பிக்கிட்டு உக்காந்தா எப்படி? தள்ளுங்கய்யா, நாங்க எங்க உக்கார்றது?"