கூலி வாங்காத குழிகள்

சூலூரில் கரண்ட் போனால் மற்றவர்களுக்கு வேர்க்கும். பாக்கியநாதனுக்குக் குளிரும். பட்டப்பகலில் தறிச் சத்தம் அடங்கின அந்த நிமிஷம், ஏதோ ஒரு தறிக்கு அடியில் அங்கப்பனின் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டு தெரியும். குதிகாலில் பஞ்சு ஒட்டியிருக்கும்.

கூடத் தறி ஓட்டின அங்கப்பன் செத்துப் பதினாலு வருஷம் ஆகிறது. அன்றைக்குக் கரண்ட் போனதும் கழன்ற பெல்ட்டை மாட்டத் தறிக்கு அடியில் புகுந்தான். "பாக்கியம், சுவிட்சை அணைச்சுப்போடு" என்றான். இவர் சரி என்றுவிட்டு, அணைக்காமலே டீ குடிக்கப் போய்விட்டார். கரண்ட் வந்தது. தறியும் ஓடிற்று. அணைக்க மறந்து அவனே மாட்டிக்கொண்டான் என்றார் முதலாளி. ஊரும் நம்பிற்று. பாக்கியநாதன் வாயைத் திறக்கவில்லை.

அதிலிருந்து சர்ச் சபையில் யார் செத்தாலும் குழி வெட்டுவது அவர்தான். கூலி வாங்கமாட்டார். வெள்ளிக்கிழமை பட்டினி. அங்கப்பன் பெண்டாட்டி வள்ளியாத்தாளின் வெந்நீர் அடுப்புக்கு வாரம் ஒரு சுமை விறகு. அவளோ சாமி மாதிரி மனுசன் என்று கும்பிடுவாள். அந்தக் கும்பிடுக்கு நிற்காமல் இவர் சுமையை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார். திருவிருந்து ஞாயிறுகளில் எல்லோரும் அப்பம் வாங்க எழுந்துபோக, இவர் மட்டும் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்.

ஒரு சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும்போது போதகர் மெர்வின் வந்து நின்றார்.

"ஏனுங்கய்யா, பந்திக்கு வரவே மாட்டேங்கறீங்க?"

"இன்னும் குழி பாக்கி இருக்குதுங்க."

"எத்தனை வெட்டினா முடியும்?"

கடப்பாரையை ஊன்றினார். "தெரியலீங்க."

"வெட்டி முடிச்சுட்டு வாங்கறதுன்னா அது கூலிங்க. ஆண்டவர் சும்மா குடுக்கத்தான் கூப்பிடறார். நம்பி வந்தாப் போதும்."

"சும்மா குடுக்கறவனை நான் நம்பறதில்லீங்க. சும்மா வந்த கோழிக்குஞ்சு மூணாம் நாளே சீக்குல போயிருச்சு."

மெர்வின் சிரித்துக்கொண்டே போனார். பாக்கியநாதன் குழிக்குள் குனிந்தார். உள்ளே அந்த இரண்டு கால்கள். தறிக்கூடத்தை விட்டு அவை வெளியே வந்தது அன்றைக்குத்தான்.

கடப்பாரையைப் போட்டுவிட்டு நேராக வள்ளியாத்தாள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவள் அடுப்போரம் அடுக்கியிருந்த விறகைப் பார்த்தாள். பிறகு, "எம் புருசனைக் கவனமில்லாதவன்னு ஊரே பேசுச்சுங்க. சென்னிமலைல கட்டிக்குடுத்த எம் மகளும் அப்படித்தான் நினைச்சுட்டிருக்கறா. நீங்க வெறகு போட்டீங்களாக்கும்?" என்றாள். கோபத்திலும் அந்த 'ங்க' போகவில்லை. அதுதான் அறைந்தது. விறகை ஒவ்வொன்றாக எடுத்து வாசலில் வீசினாள். "எடுத்துட்டுப் போங்க. உங்க பாவத்துல தண்ணி காய வெச்சுக் குளிச்சிருக்கறேன் நானு."

மறுநாள் திருவிருந்து. பதினாலு வருஷப் பாடெல்லாம் வாசலில் கிடந்த அந்த விறகோடு போயிற்று. காட்டுவதற்கு ஒன்றுமில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தபோது பாக்கியநாதனும் எழுந்தார். பின்னால் வெறுங்காலோடு யாரோ நடந்து வரும் சத்தம். திரும்பவில்லை. போய் முழங்கால் போட்டார்.

அப்பத்தோடு மெர்வின் வந்ததும் கிசுகிசுத்தார். "அங்கப்பன் செத்தது என்னாலீங்க. கையில ஒண்ணுமில்லீங்க."

மெர்வின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அப்பம் பிடித்த கை பின்வாங்கவில்லை. "கையை நீட்டுங்கய்யா."

இவ்வளவு கேட்டும் சும்மா குடுக்கிறானே, நம்பலாமா என்று மனசு கடைசியாக ஒருதரம் முரண்டு பிடித்தது. நீட்டினார்.

ஆசீர்வாதம் சொல்லும்வரை நிற்கவில்லை. நேரே ரசாக்கின் டீக்கடை. லீவு நாளில் தறிக்காரர்கள் எல்லோரும் அங்கேதான்.

"அங்கப்பன் மறக்கலீங்க. சுவிட்சை அணைன்னு எங்கிட்டச் சொன்னான். நாந்தான் அணைக்கலை."

டீ ஆற்றிய ரசாக்கின் கை அப்படியே நின்றது. "இத்தனை வருசங்கழிச்சு எதுக்குண்ணா? கேசு கீசுன்னு ஆயிரப்போகுது."

"ஆவட்டும். சென்னிமலைக்கு, அவன் மககிட்டப் போறதுக்கு இப்ப பஸ்ஸு இருக்குதா, சொல்லு."