தண்ணீர் தின்ற ஒலி

அன்று காலை கணினித் திரையில் புள்ளி விழுந்துவிட்டது. மாதக்கணக்கில் அவள் மன்றாடிக் காத்திருந்த, ஊசி முனை அளவுப் புள்ளி. துள்ளிக் குதிக்க வேண்டியவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது.

ஒலியால் பார்க்கும் நுண்ணோக்கிக்கு லென்ஸ் வடிவமைப்பது அவள் வேலை. மின்சாரத்தைக் காதுக்கு எட்டாத ஒலியாக மாற்றும் மெல்லிய தகடு, அதன் கீழே குழி கடைந்த படிகக் கட்டை, அதற்கும் சோதிக்க வேண்டிய மின்னணுச் சிப்புக்கும் நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர். ஒலி அந்தச் சொட்டைக் கடந்து ஒரே புள்ளியில் குவிந்தால், சிப்பைப் பிளக்காமலே உள்ளிருக்கும் விரிசல் தெரியும். குழி கொஞ்சம் பிசகினாலும் படிகம் குப்பைக்குத்தான். அதனால் கடைவதற்கு முன் எல்லாமே கணினியில் ஒத்திகை.

லாபில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் 'அவசரக்குடுக்கை' என்று அழைக்கும் தலைவர் எட்டிப் பார்த்தார். "அட்டகாசம்மா! சாயங்காலமே கடையிறவருக்கு அனுப்பிடலாம். நீ நிம்மதியா லீவுல போ."

மறுநாள் காலை ரயில். மகளுக்குக் கடல் காட்டுவதாகச் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு தடவையும் கையை விரித்திருந்தாள். இந்தத் தடவை தலை போகிற வேலை வந்தாலும் கிளம்பிவிடுவேன் என்று சத்தியமே செய்திருந்தாள்.

ஆனால் அந்தப் புள்ளி அளவுக்கு மீறி அழகாக இருந்தது. அதுதான் உறுத்தியது. கணக்குக்குள் போய் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். தண்ணீருக்கு நேரே இழப்பு பூஜ்யம் என்று இருந்தது.

தண்ணீர் ஒலியைத் தின்னும். அதிர்வெண் கூடக் கூட இன்னும் அதிகமாகத் தின்னும். அதையும் சேர்த்தால் கணக்கு ஆமை வேகத்தில் நகரும் என்று, சோதனைக்கு மட்டும் அதை அணைத்துவைப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள கெட்ட பழக்கம். அணைத்தவள் திரும்பப் போட மறந்துவிட்டாள். இப்போது போட்டுத் தோராயமாக ஓட்டிப் பார்த்தாள். புள்ளி சுத்தமாகக் காணோம்.

வாயைத் திறக்காமல் ரயில் ஏறிவிடலாம். படிகம் ஊமையாக வந்து சேரும்போது பழியைக் கடைந்தவர் தலையில் கட்டிவிடலாம். அப்படி நினைத்ததற்கே அவளுக்குத் தன் மேல் எரிச்சல் வந்தது. எழுந்து போய்ச் சொன்னாள்.

தலைவர் நெற்றியைத் தேய்த்தார். "அப்போ லீவு?"

"குழியச் சின்னதாக்கி, லென்ஸைச் சிப்புக்குக் கிட்ட கொண்டுவரணும் சார். முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இந்த வாரம் விட்டா கடையிறவரு நமக்குக் கிடைக்கமாட்டாரு."

"வேற யாராவது பாத்துக்க முடியாதா?"

"வேற யாராவது இருந்தா நான் ஏன் சார் இப்படி இருக்கேன்?"

மாடிப்படியில் நின்று வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தது மகள்.

"கண்ணு, நாளைக்கு வந்து..."

"தெரியும்மா." குரலில் அழுகை இல்லை, கோபம்கூட இல்லை. "அப்பா நேத்தே உன் டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டாரு. நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வர்றோம். நீ வேலையப் பாரு."

நேற்று அவள் போவதாகத்தான் இருந்தாள்.