கிளாக்கர் ஐயாவின் இரண்டாவது வெடி

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஒபிஸில் பெரிய கிளாக்கராக இருந்த சரவணமுத்துவிடம் ஓர் ஒற்றைக்குழல் துவக்கு இருந்தது. ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் அதில் போகும். அது வெடித்ததும் குழலை மடித்து, வெறும் கோதை எடுத்து எறிந்துவிட்டு, அடுத்ததைப் போட வேண்டும். ஆனால் அடுத்ததைப் போடுகிற வேலை அந்தத் துவக்குக்கு இருபத்திரண்டு வருடமாக வந்ததே இல்லை. ஐயா ஒரு தோட்டாவோடு போவார், ஒரு மிருகத்தோடு வருவார். நமுனுகுல மலையில் பாய்ந்து ஓடிய மரைமான் ஒன்றை அவர் சுட்டபோது, அது மடுல்சீமையில் அவர் வீட்டு அடுப்படிக்குள் வந்து விழுந்தது என்று சொல்வார்கள். அது பொய். அடுப்படிக்கு வெளியே, விறகு அடுக்கியிருந்த இடத்தில்தான் விழுந்தது.

"மடியில இன்னொண்டு கிடக்கெண்டால் கை சோம்பேறியாப் போயிடும்," என்பது பருத்தித்துறையிலிருந்து வரும்போதே அவர் கொண்டுவந்த சட்டம்.

அந்தச் சட்டம் தங்கராஜாவுக்கு ஒத்துவரவில்லை. அவர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். வேட்டை நாளில் ஐயாவுக்குத் தடம் பார்த்துக் கொடுப்பவர். துவக்கு ஐயாவின் தோளில் இருக்கும். மிருகத்துக்கு முன்னால் போவது தங்கராஜாவின் கால்.

தொண்ணூற்றேழாம் வருடம் அந்தப் பன்றி வந்தது. பார்த்தவர்கள் அது தேயிலைச் செடி உயரம் என்றார்கள். பார்க்காதவர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார்கள். தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் போட்டிருந்த மரவள்ளியை வரிசை பிசகாமல் தோண்டித் தின்றது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். தேயிலைக்கு மருந்தடிக்கிற சஜீவனின் தொடையைக் கிழித்து, பதுளை ஆஸ்பத்திரியில் இருபத்தாறு தையல் போடவைத்த பிறகுதான் ஐயா துவக்கைத் துடைத்தார்.

வேட்டைக்கு முதல் நாள் பின்னேரம் தங்கராஜா கிளாக்கர் வீட்டுப் பின்கதவில் போய் நின்றார். ஐயாவின் மனைவி இராசமணி டீச்சர் கதவைத் திறந்தார்.

"டீச்சரம்மா, இன்னொரு தோட்டா குடுங்க. ஐயாவுக்குத் தெரிய வேணாம்."

"தெரிஞ்சால் என்னையும் சேர்த்துச் சுட்டுப்போடுவார்."

"எப்படிங்க சுடுவாரு? ரெண்டாவது தோட்டாதான் எங்கிட்ட இருக்குமே."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அலுமாரிக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்துத் தந்தார். பழைய தோட்டா. அடி பித்தளை, உடம்பு தடித்த கடதாசி. சண்டைக் காலத்தில் தமிழ்ப் பெயரைச் சொல்லிக்கொண்டு புதுத் தோட்டா கேட்டுப் போனால் தோட்டா கிடைக்காது, போனவர்தான் உள்ளே இருப்பார். அதனால் பழையதே தங்கம். தங்கராஜா அதை மடியில் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.

விடியற்காலையில் இருவரும் ஏழாம் நம்பர் மலையின் மேல் ஓரத்தில், காடு தொடங்கும் இடத்தில் நின்றார்கள். தூறல் விட்டபாடில்லை. கீழே தேயிலை, அதற்கும் கீழே காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களம். ராத்திரி முழுக்க மரவள்ளி தின்ற பன்றி காட்டுக்குத் திரும்புவதற்கு வேறு வழி கிடையாது.

ஆறேகாலுக்கு அது வந்தது. செடி உயரம் என்று சொன்னவர்கள் குறைத்துச் சொல்லிவிட்டார்கள் என்று தங்கராஜாவுக்குப் பட்டது. ஐயா துவக்கைத் தூக்கினார். வெடித்தது. பன்றி முன்காலில் மடிந்து ஒரு தரம் உட்கார்ந்தது.

பிறகு எழுந்தது. காட்டை இவர்கள் மறித்து நின்றதால் வந்த வழியே திரும்பித் தேயிலைக்குள் பாய்ந்தது. இருபது பாகம், அதாவது நூற்றிருபது அடிக்கு அப்பால் ஒரு செடி ஆடியது. அதற்குப் பிறகு எந்தச் செடியும் ஆடவில்லை.

அடுத்த கவ்வாத்துக்காக வளர விட்டிருந்த மலை அது. மேலே பாய் விரித்த மாதிரி ஒரே பச்சை. உள்ளே, செடிகளின் அடியில், மிருகம் படுக்கவும் ஓடவும் வீதி வீதியாக இடம் இருக்கும். மேலே நிற்கிறவனுக்கு ஒரு மயிரும் தெரியாது.

"தோள்ல பட்டிருக்கு," என்றார் ஐயா. அவருடைய குரல் மெலிந்திருந்தது. "கொஞ்ச நேரத்தில தானாச் செத்துப்போயிடும்."

"எவ்வளவு நேரத்திலங்க ஐயா?"

ஐயா பதில் சொல்வதற்குள் கீழேயிருந்து ஒரு சத்தம் எழுந்தது. பயந்த சத்தமில்லை. சந்தோஷமான சத்தம்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வெடி கேட்டால் கறி என்று அர்த்தம். ஐயா ஒரு வெடிக்கு மேல் வைத்தவரில்லை, அந்த ஒன்று பிசகியதுமில்லை. ஆகவே வெடி கேட்ட கணமே பெரட்டுக் களத்தில் நின்ற பெண்கள் கூடையோடும் சட்டியோடும் கிளம்பிவிடுவார்கள். கங்காணி பேர் கூப்பிட்டுக்கொண்டே தனியாக நிற்பார். எல்லோருக்கும் முன்னால் தடம் பார்த்தவனின் மனைவி வர வேண்டும். ஈரல் அவளுக்குரியது, அவள் கையால்தான் முதலில் எடுக்க வேண்டும். தங்கராஜாவின் மனைவி கனகம் இந்த விஷயத்தில் ஒரு நாளும் பிந்தினவள் இல்லை.

அவர்கள் ஏறிவரும் குறுக்குப் பாதை தேயிலைக்கு நடுவால் வருகிறது. பன்றி படுத்திருப்பது அதற்குப் பக்கத்தில்.

தங்கராஜா இரண்டு கையையும் வாயில் குவித்தார். "வராதீங்க! யாரும் வராதீங்க!"

கீழேயிருந்து கனகத்தின் குரல் கணீரென்று வந்தது. "ஏன், போன தடவ மாதிரி தொடையெல்லாம் துரை பங்களாவுக்கு அனுப்பிட்டு எங்களுக்குக் கொடலு குடுக்கவா?"

"அடியே, பன்னி சாகலடி!"

"ஐயா சுட்டு சாகாத பன்னியா? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணுங்க!"

அவள் பின்னால் முப்பது பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு ஒரு வளைவு மேலே ஏறியிருந்தது.

தங்கராஜா மடியை அவிழ்த்தார். "ஐயா, கோவிக்காதீங்க. இந்தாங்க."

ஐயா தோட்டாவைப் பார்த்தார். பிறகு தங்கராஜாவைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. "என்னை நம்பாமல் கொண்டு வந்தனீயோ?"

"அப்புறமா ஏசுங்க ஐயா. இப்பப் போடுங்க."

ஐயா குழலை மடித்து, கோதை எடுத்து எறிந்துவிட்டு, தோட்டாவை வைத்தார். அது பாதிதான் போனது. திருப்பி வைத்தார். போகவில்லை. விரலால் தடவிப் பார்த்து, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்புக் கரிக்குது. எங்கை வைச்சிருந்தனீ இதை?"

தங்கராஜாவுக்கு அப்போதுதான் விளங்கியது. மழை நாளில் மலைக்குப் போகிற எவனும் அட்டைக்கென்று உப்பும் சவர்க்காரத் துண்டும் ஒரு சீலையில் முடிந்து மடியில் வைத்திருப்பான். அட்டை கடித்தால் அந்த முடிச்சால் ஓர் ஒற்று, அட்டை விழுந்துவிடும். ஈரம் படாமல் ஒரு பொருளை வைக்க அதைவிட நல்ல இடம் தங்கராஜாவுக்குத் தோன்றவில்லை. தோட்டாவையும் அதற்குள்ளேயே முடிந்திருந்தார். ராத்திரி முழுக்க உப்பு தண்ணீரை இழுத்திருக்கிறது. கடதாசி அதைக் குடித்து, தேத்தண்ணியில் ஊறின பாண் மாதிரி உப்பியிருக்கிறது.

"அட்டை முடிச்சில... ஐயா."

"விசரா!" ஐயா கத்தவில்லை. மூச்சுக்குள் சொன்னார். "அட்டைக்கோடா நாங்கள் வந்தது?"

செடி ஆடியது. இந்தத் தடவை இன்னும் கீழே, பாதைக்கு நெருக்கமாக.

தங்கராஜா தோட்டாவைப் பிடுங்கிக் குந்தினார். கவ்வாத்துக் கத்தியை முதுகிலிருந்து உருவினார். முழ நீளக் கத்தி. அதன் நுனியால் கடதாசியைச் சீவத் தொடங்கினார். வெங்காயத்தை உரிக்கிற மாதிரி ஒரு சுற்று. குழலில் வைத்துப் பார்த்தால் போகவில்லை. இன்னொரு சுற்று. அளவுக்கு மிஞ்சினால் உள்ளேயிருக்கிற ஈயச் சன்னமெல்லாம் கொட்டிவிடும். கொட்டாவிட்டாலும் கடதாசி மெலிந்துபோனால், வெடிக்கும்போது குழலோடு சேர்ந்து முகமும் போகும். தொண்டை வரைக்கும் வந்த மூச்சை அங்கேயே நிறுத்தி வைத்தார். அன்றைக்கு அவர் மூச்சுப் பிடித்த நேரத்தில் தெமோதரையிலிருந்து ஒரு ரயில் பதுளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று பிற்காலத்தில் ஒரு கணக்குச் சொல்வார்.

"யாருக்கு ஈரல்?" என்றது கீழே ஒரு குரல்.

"எனக்கு!" என்றாள் கனகம். எண்பது பாகம் இருக்கும்.

மூன்றாவது சுற்று. தோட்டா வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஐயா குழலைச் சாத்தி, தோளில் வைத்து, தேயிலையைக் குறி பார்த்தார். குறி பார்க்க அங்கே பச்சையைத் தவிர எதுவும் இல்லை.

"சுடுங்க ஐயா!"

"எதைச் சுடுறது? தலையைக் காட்டட்டும்."

"மேல சுடுங்க. வானத்தப் பாத்து. ரெண்டாவது வெடி கேட்டா சனம் நின்னுரும். ஐயா ரெண்டு வெடி வச்சா பன்னி உசுரோட நிக்கிதுன்னு தெரிஞ்சிக்கிருவாங்க."

"உள்ள ஒண்டையும் வானத்துக்குக் குடுத்திட்டு, காயப்பட்ட பண்டிக்கு முன்னால வெறுங்குழலோட நிக்கச் சொல்றியோ?" ஐயாவின் கண் குழலைவிட்டு எடுபடவில்லை. "பொறு. காட்டும். நான் தப்பவிடன்."

தங்கராஜா கீழே பார்த்தார். பச்சைக்கு மேலே ஒரு சிவப்பு முக்காடு தெரிந்தது. கனகத்தின் முக்காடு. நாற்பது பாகம். அதற்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரு செடி ஆடியது. பிறகு அதற்குக் கீழே இருந்த செடி. பன்றி அவள் வரும் பக்கமாகத் திரும்பியிருந்தது.

சிவப்பு முக்காடு நிற்காமல் ஏறி வந்தது.

தங்கராஜா துவக்கைப் பறித்தார்.

அந்தச் செய்கையின் பெறுமதி அவருக்குத் தெரியும். பெரிய கிளாக்கரின் கையிலிருந்து ஒரு தொழிலாளி ஒரு பென்சிலைக்கூடப் பறித்தது கிடையாது. லைசன் இல்லாத தமிழன் ஒருவனின் கையில் துவக்கு இருந்தது என்று அந்த வருடத்தில் யாராவது வாய்தவறிச் சொன்னாலே போதும், பொலிஸ் ஜீப் வரும். போனவன் எப்போது வருவான் என்று கேட்க ஒரு வாசலும் இருக்காது. இதெல்லாம் அவர் மனதில் வந்ததா என்றால், வந்தது. துவக்கு அதற்குள் மேலே நிமிர்ந்திருந்தது.

வெடித்தது. முகம் போகவில்லை. புருவம் இரண்டும் போயின.

சிரிப்பு வெட்டினாற்போல் நின்றது. பிறகு ஒரு பெண், "ஆத்தா, ரெண்டு வெடி!" என்று அலறினாள். சிவப்பு முக்காடு திரும்பியது. முப்பது பேரும் கூடைகளைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினார்கள்.

பன்றியும் திரும்பியது. சத்தம் வந்தது மேலேயிருந்து. அது மேலே வந்தது. இந்தத் தடவை செடிகள் ஆடவில்லை, விலகின.

"தங்கராசா," என்றார் ஐயா, "மரம்."

பக்கத்தில் நிழலுக்கு நட்ட முள்முருங்கை ஒன்று நின்றது. ஐயாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது, முழங்காலில் வாதம், ஒபிஸ் படி மூன்றை ஏறவே கைப்பிடி வேண்டும். அவர் ஏறின உயரத்தைப் பிறகு கயிறு வைத்து அளந்தார்கள். பத்தொன்பது அடி. கடைசி இரண்டடிக்கு மரமே இல்லை என்று அளந்தவன் சொன்னான். தங்கராஜா அவருக்குக் கீழே, துவக்கைப் பல்லால் கடிக்காத குறையாக, தொங்கிக்கொண்டிருந்தார்.

பன்றி மரத்தை ஒரு இடி இடித்தது. மரத்தின் முள்ளெல்லாம் ஐயாவின் கால்சட்டைக்குள் புகுந்தது. பன்றி நின்று, அண்ணாந்து பார்த்தது. அதன் தோளிலிருந்து ரத்தம் வடிந்தது. இன்னொரு தரம் இடிக்கலாமா என்று அது யோசித்தது தங்கராஜாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிறகு, இவர்கள் காலையிலிருந்து மறித்து நின்ற பாதை இப்போது திறந்து கிடப்பதைக் கண்டு, நொண்டிக்கொண்டே காட்டுக்குள் போனது. காட்டுச் செடிகள் ஆடி, அடங்கின.

இருவரும் இறங்கவில்லை.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. கணீர் போயிருந்தது அதில். "ஏங்க... இருக்கீங்களா?"

தங்கராஜா கிளைகளுக்கு நடுவால் அவளைத் தேடினார். அழுகை வரப் பார்த்தது.

"ஏங்க!"

"இருக்கேன். நீ அங்கேயே நில்லு."

அவள் நிற்கவில்லை. அவரைக் கல்யாணம் கட்டின நாளிலிருந்து அவள் நின்றதில்லை. முக்காடு அவிழ, மூச்சு வாங்க, மரத்தடிக்கு வந்து சேர்ந்து அண்ணாந்து பார்த்தாள். பின்னாலேயே ஐந்தாறு பேர் வந்தார்கள். பெரட்டுக் கங்காணியும் வந்தார்.

"எறங்குங்க," என்றாள் கனகம்.

"முதல்ல பண்டி எந்தப் பக்கம் போனதெண்டு பாத்துச் சொல்லு பிள்ளை," என்றார் ஐயா மேலேயிருந்து.

"போயிருச்சிங்க ஐயா. ரத்தம் காட்டுக்குள்ள போவுது."

தங்கராஜா இறங்கினார். கனகம் அவருடைய இரண்டு தோளையும் தடவிப் பார்த்தாள், வயிற்றைத் தடவிப் பார்த்தாள். கடைசியில் முகத்தைப் பார்த்தாள். "புருவத்த எங்கங்க காணோம்?"

அப்போதுதான் கங்காணியின் கண் தங்கராஜாவின் கையில் நின்றது. துவக்கு அங்கே இருந்தது. குழல் வாயில் புதுக் கரி படிந்திருந்தது. வந்திருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"ரெண்டாவது வெடி யாரு வச்சது?" என்றார் கங்காணி. "ஐயா கை தப்பாதே."

தங்கராஜா வாயைத் திறந்தார்.

"நான்தான்," என்றார் மரத்திலிருந்த ஐயா. "முதல் வெடியும் பிசகு, ரெண்டாவதும் பிசகு. ஏற முடியேல்லை எண்டு துவக்கை அவனிட்டக் குடுத்தனான்."

இருபத்திரண்டு வருடத்துப் பேர் பத்தொன்பது அடி உயரத்திலிருந்து விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

"ரெண்டுமாங்க ஐயா?" என்றார் கங்காணி, நம்பமாட்டாமல்.

"ரெண்டும்தான் காணும், கங்காணி! எத்தினை தரம் சொல்றது?" என்று ஐயா கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏணி ஒண்டு கொண்டுவரச் சொல்லும். இந்த முள்ளு என்னை விடுதில்லை," என்றார்.