என் பாவங்கள் மார்த்தாவிடம் இருந்தன

கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதற்கு முன் என் பாவங்கள் என்னவென்று மார்த்தாவிடம் கேட்டுக்கொண்டு போவது என் வழக்கம். எனக்கு ஞாபகசக்தி மட்டு. என் மனைவிக்கு அது தேவைக்கு அதிகம். ஒவ்வொரு வருஷமும் பாஸ்குத் திருநாளுக்கு முந்திய கிழமை அவள் மீன் வெட்டிக்கொண்டே சொல்லுவாள், நான் விரல் மடிப்பேன். கள்ளுக் குடித்தது, வள்ளத்துச் சொந்தக்காரச் சம்மாட்டியைத் தூஷணத்தால் ஏசியது, பூசையில் தூங்கியது. விரல் போதாத வருஷங்களும் உண்டு. வங்காலையில் இவ்வளவு ஒழுங்காகப் பாவசங்கீர்த்தனம் செய்கிற ஆம்பிளை நான் ஒருவன்தான் என்று எனக்கு ஒரு பெருமை. பெருமையும் பாவம்தான். அதை அவள் சொல்லவில்லை, ஆகவே நானும் சுவாமியாருக்குச் சொல்லவில்லை.

மன்னார்ப் பாலத்து வேலைக்கு வெள்ளைக்காரத் துரைமார் வந்திறங்கிய வருஷம் அது. பெரிய வியாழன் காலையில் நான் என் பங்கை முடித்துவிட்டு வந்து முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தேன். பின்நேரம் கோயிலுக்குப் போன மார்த்தா முகம் கறுத்துத் திரும்பி வந்தாள்.

"சுவாமியார் பாவமன்னிப்புத் தரேல்லை."

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு ஏன் என்று கேட்டேன்.

"கோவிச்சனான் எண்டு சொன்னன். ஏன் எண்டு கேட்டார். நீங்கள் குடிச்சிட்டு வந்ததைச் சொன்னன். பொறுமை இல்லை எண்டன். நீங்கள் கூரை மேயாமல் கிடந்ததைச் சொன்னன். கடைசியில, 'பிள்ளை, இதெல்லாம் உன்ர புருஷன்ர பாவம். அவர் வந்து சொல்லட்டும். உன்ர என்ன?' எண்டார். எனக்கு வாயில ஒண்டும் வரேல்லை. யோசிச்சுக்கொண்டு நாளைக்கு வா எண்டிட்டார்."

வேறு வருஷம் என்றால் நான் சிரித்திருப்பேன். இந்த வருஷம் முடியாது. அடுத்த வளவில் இருக்கிற அவள் தங்கச்சி றஞ்சிதத்தின் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஞானஸ்நானம். மார்த்தாதான் ஞானத்தாய். பாவசங்கீர்த்தனம் முடிக்காதவளைச் சுவாமியார் நிற்க விடமாட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை தைக்கும்போது மார்த்தா பாடினாள். அவள் பாடி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அது கைவிட்டுப் போனால் அவள் தாங்கமாட்டாள், எனக்கும் தாங்காது.

அந்தப் பிள்ளை பிறந்ததே மார்த்தாவின் கையில்தான். றஞ்சிதத்தின் ஆடு எங்கள் முருங்கைக் கன்றைத் தின்றதிலிருந்து அக்கா தங்கச்சிக்குள் பேச்சில்லை. றஞ்சிதத்தின் புருஷன் செபமாலை சிலாவத்துறைப் பக்கம் மீன்வாடிக்குப் போயிருந்தான். மத்தியான வெயிலில் அவளுக்கு வலி எடுத்து, வேலிக்கு அப்பாலிருந்து அக்காவைக் கூப்பிட்டிருக்கிறாள். மா இடித்துக்கொண்டிருந்த மார்த்தா ஓடிப்போனாள். மருத்துவிச்சி வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. கோபத்தை மறந்து ஓடினாளே என்று ஊரெல்லாம் மெச்சியது. நான் அன்று வேலியோரப் பூவரசின் கீழ் நித்திரை. எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, எனக்கு என்ன பாவம்? சொல்லுங்கோவன்," என்றாள் மார்த்தா.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் காத்திருந்த கேள்வி. வாயைத் திறந்தேன். கோபம் என்றேன். அது சொல்லியாயிற்று என்றாள். கறிக்கு உப்புக் கூட என்றேன். அது பாவமில்லை என்றாள். அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. இத்தனை வருஷம் கூட இருந்தவளை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. வெட்கமாக இருந்தது.

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"றஞ்சிதம் முதல்தரம் கூப்பிடேக்கையே எனக்குக் கேட்டது. ஆட்டைக் கட்டி வைக்கத் தெரியாதவளுக்கு இப்பதான் அக்கா தேவைப்படுதோ, இன்னும் கூப்பிடட்டும் எண்டு நிண்டனான். குரல் மாறினாப் பிறகுதான் ஓடினனான். பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தால்?"

அழுதாள். நான் வலையில் பொத்தி முடித்த கண்ணியைத் திரும்பவும் பொத்தினேன்.

பெரிய வெள்ளி காலையில் அவள் கோயிலுக்குப் போகவில்லை, றஞ்சிதத்தின் வளவுக்குப் போனாள். எனக்கு வேறு வேலை இல்லாததால் நானும் பின்னால் போனேன். றஞ்சிதம் பிள்ளையை மடியில் வைத்து எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள்.

"நீ கூப்பிட்டது எனக்கு முதலே கேட்டது. வேணுமெண்டுதான் நிண்டனான். ஞானத்தாய்க்கு வேறை ஆளைப் பார்," என்றாள் மார்த்தா.

"தெரியும் அக்கா," என்றாள் றஞ்சிதம். "நான் கூப்பிட்ட உடன உலக்கைச் சத்தம் நிண்டது. நீங்கள் கேட்டிட்டியள் எண்டு விளங்கிச்சு. உலக்கை திரும்ப இடிக்கேல்லை. அப்ப வருவியள் எண்டு நினைச்சன். அதாலதான் வேறை ஆரையும் கூப்பிடேல்லை. இந்தாங்கோ, பிடியுங்கோ." பிள்ளையை மார்த்தாவின் கையில் கொடுத்தாள். "ஞாயிறு வெள்ளன வாங்கோ. சட்டையை மறந்திடாதையுங்கோ."

மார்த்தா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். எனக்கும் கண் கலங்கியது. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் புறப்பட்டேன்.

றஞ்சிதம் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தாள்.

"அத்தான்ர குறட்டையும் அப்பதான் நிண்டது," என்றாள். "பிறகு குறட்டை மட்டும் திரும்பத் தொடங்கிச்சு."

என்னைப் பார்த்து அவள் அதைச் சொல்லவில்லை. மார்த்தா மட்டும் திரும்பிப் பார்த்தாள். ஏசுவாள் என்று நின்றேன், ஏசவில்லை.

பின்நேரம் கோயிலில் மார்த்தா முதலில் போய் முழந்தாளிட்டாள். கெதியாக எழும்பி வந்தாள். முகம் தெளிந்திருந்தது. அடுத்ததாக நான் போனேன்.

"நேற்றுத்தானே வந்தனீ, யாகப்பர்?" என்றார் சுவாமியார்.

"ஓம் சுவாமி. நேற்றுக் கொண்டுவந்தது மார்த்தா தந்தது."

இந்தமுறை விரல் மடிக்கத் தேவைப்படவில்லை. பூவரசின் கீழ் செய்தது ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்து இருமத் தொடங்கிவிட்டார்கள்.