சிவப்பு வயர்

கரண்ட் போன அதே நொடியில் ஜெராக்ஸ் கடையின் யூபிஎஸ்ஸும் கையை விரித்தது. டைப்பிஸ்ட் சேவ் பண்ணுவதற்குள் அடித்து வைத்த பன்னிரண்டு பக்கமும் போச்சு.

"இவதான் எதையோ அமுக்கிட்டா அக்கா. போன வாரம்தானே புது பேட்டரி மாட்டினேன்!" என்றான் முதலாளியம்மாவின் தம்பி. கடையில் அவனுக்கு 'இன்ஜினியர்' என்று பெயர்.

"இன்னொரு தடவை ஆச்சுன்னா வேலைக்கே வராதே," என்றாள் முதலாளியம்மா, அத்தனை கஸ்டமர்கள் முன்னால்.

டைப்பிஸ்ட் எழுந்தாள். பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூடிரைவரால் யூபிஎஸ்ஸைத் திறந்தாள். புது பேட்டரியின் ஒரு முனையில் கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது. அங்கே மாட்டவேண்டிய சிவப்பு வயர் பக்கத்தில் சும்மா தொங்கியது.

அவள் அதைத் தொடவில்லை.

"அக்கா, வாங்க. உங்க தம்பியும் வந்து பாக்கட்டும்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். இன்ஜினியர் முகத்தில் ஈயாடவில்லை.

"மூடியக் கழட்டணும்னு யாரும் சொல்லலையே..."

"இப்ப சொல்றேன். கழட்டி மாட்டுங்க இன்ஜினியர் சார்."

அவன் மாட்டி முடிக்கவும் கரண்ட் வந்தது. நழுவப் பார்த்தவனுக்குத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"எங்க கிளம்பிட்டீங்க? பன்னெண்டு பக்கம் இருக்கு. நான் வாசிக்கிறேன், நீங்க அடிங்க."

அவன் அக்காவைப் பார்த்தான்.

"என்னை ஏன்டா பாக்குற? உக்காரு."

டைப்பிஸ்ட் மூச்சு விடாமல் வாசிக்க ஆரம்பித்தாள்.