பல்லுக்கு மாடிப்படி தெரியாது

பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டிருந்தபோதும் பொத்தான்காரர் பேரத்தை விடவில்லை. இடது பக்கம், கீழ்வரிசை, கடைசிக்கு முந்தின பல். அதைப் பிடுங்கிவிட வேண்டும். பக்கத்துப் பல்லின் மேலும் சந்தேகம் இருந்தால் அதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை. விரலாலும் புருவத்தாலும் இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு, சரக்கை ஏற்றிவிட்டு வண்டிக்காரனைப் பார்க்கிற மாதிரி டாக்டரம்மாவைப் பார்த்தார். இனி உன் பாடு என்றது அந்தப் பார்வை.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. ஒடிசலான, குட்டையான பெண்மணி. நெற்றியில் சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கருவியின் பின்முனையால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினாள். குளிர்ந்த பஞ்சை வைத்தாள், எடுத்தாள். படம் பிடித்து, அதைத் திரையில் பெரிதாக்கி, ஈறு வரைக்கும் இறங்கிப் பார்த்தாள். பொத்தான்காரருக்கு அந்த முறை பிடித்திருந்தது. நல்ல வியாபாரி தர்பூசணி வாங்குவதும் இப்படித்தான், தட்டாமல் காசை வெளியே எடுக்கமாட்டான்.

"எத்தனை நாளா வலி?"

"ரெண்டு நாளா. லேசாத்தான்."

கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, விட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "ரெண்டு நாளைக்குள்ள ஒரு பல்லைப் பிடுங்கி, அந்தக் குழியும் ஆறிப்போச்சாம். கேட்டுக்கோங்க."

பொத்தான்காரருக்கு இது பொய்யில்லை, தொழில் பழக்கம். முப்பது வருடமாகப் பொத்தான், ஜிப், நூல்கண்டு என்று தையல்காரர்களுக்கு மொத்தமாக விற்கிறவர். யார் எதைச் சொன்னாலும் பாதியாகக் கேட்பார், தான் சொல்வதையும் பாதியாகத்தான் சொல்வார். முதல் பேச்சிலேயே உள்ளதை உள்ளபடி கொட்டிவிட்டால் எதிராளி தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவான் என்பது அவர் கண்ட அனுபவம். டாக்டர்களிடமும் அதே கணக்குதான். வலியைக் குறைத்துச் சொன்னால் வியாதியும் குறைவாகக் கிடைக்கும். காய்ச்சலை உடம்புச் சூடு என்பார், மூச்சு வாங்குவதைக் காற்றோட்டம் போதவில்லை என்பார். இதுவரை கட்டுப்படியாகிக்கொண்டுதான் வந்திருந்தது.

போன தடவை அடுத்த தெரு டாக்டரிடம் போனார். பல் நன்றாகத்தானே இருக்கிறது என்று அந்த மனிதர் தயங்கினார். பொத்தான்காரர் விடுவாரா? அரைமணி நேரம் பேசிப் பேசிக் கரைத்து, கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வைத்துவிட்டுத்தான் எழுந்தார். ஜெயித்த பெருமையோடு வீட்டுக்கு வந்தார். குழி ஆறியது. வலி மட்டும் பழைய வாடிக்கைக்காரர் மாதிரி தவறாமல் வந்துகொண்டிருந்தது. சரி, அது அப்பாவி, குற்றவாளி பக்கத்துப் பல்தான் என்று முடிவுகட்டி, இப்போது இங்கே வந்திருக்கிறார்.

"இப்ப வலிக்குதா?"

"இப்ப இல்லம்மா. உங்க மாடிப்படி ஏறும்போது இருந்துச்சு. உங்க கையில இருக்கிற குறட்டைப் பாத்ததும் பயந்து ஓடிப்போச்சு."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்தாள். பொத்தான்காரர் கொஞ்சம் நிமிர்ந்தார். கையிலெடுத்த சரக்கை ஒருவர் கீழே வைத்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பப் போகிறது என்று அர்த்தம். அது எந்தத் தொழிலிலும் ஒன்றுதான்.

"மென்னா வலிக்குதா?"

"இல்ல."

"சில்லுனு தண்ணி குடிச்சா?"

"ஐஸ்கட்டியையே கடிப்பேன்."

"அப்புறம் எப்பதான் வலிக்குது?"

"அது... வேலை நேரத்துல."

"நான் சொல்றேங்க," என்றாள் மனைவி. "பெட்டியத் தூக்கிட்டு மாடி ஏறுறப்ப. ஒரு மாசமாச்சு. பாதிப் படியில நின்னுடுவாரு. என்னன்னு கேட்டா, பெட்டிய எண்ணிட்டிருக்கேன்னு சொல்வாரு. படியில எங்க இருக்கு பெட்டி?"

"நின்னா வலி போயிடுதா?"

"ரெண்டு நிமிஷத்துல போயிடும்," என்றார் பொத்தான்காரர். வலியின் நல்ல குணத்துக்குச் சாட்சி சொல்வது போலிருந்தது குரல்.

"பல்லுக்கு மாடிப்படி தெரியாதுங்க," என்றாள் டாக்டரம்மா. "ஏறினா வலிச்சு நின்னா விடுறது பல்லோட வேலை இல்ல."

அவர் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் இரண்டாம் முறையும் பார்த்தாள். பிறகு தன் ஸ்டூலை அவர் முகத்துக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சும்மா உக்காந்திருக்கும்போது எப்பவாவது வந்துச்சா?"

இதுதான் அவர் கடைசிவரை மடியில் மறைத்து வைத்திருந்தது. மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. பக்கவாட்டில் பார்த்தார். மனைவி விட்டத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கடையில எப்படியோ எனக்குத் தெரியாது. இங்க குறைச்சுச் சொன்னா நஷ்டம் எனக்கில்ல," என்றாள் டாக்டரம்மா.

அவர் தொண்டையைச் செருமினார். "இன்னைக்குக் காலைல. பேப்பர் படிச்சிட்டிருந்தேன். சும்மாத்தான் உக்காந்திருந்தேன். தாடையிலேர்ந்து தோள் வரைக்கும், யாரோ அழுத்திப் பிடிக்கிற மாதிரி. கால் மணி நேரம் இருக்கும். சட்டை நனையற அளவுக்கு வேர்த்துடுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "அதான் சட்டைய மாத்தினேன்," என்றார் மனைவியிடம்.

"டீ கொட்டிடுச்சுன்னு சொன்னீங்க," என்றாள் அவள். சண்டைக்கு எழுகிற குரல்தான், ஆனால் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டது.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றாமலே போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

"இருங்க இருங்க," என்றார் பொத்தான்காரர். "ஒண்ணு பண்ணுவோம். இன்னைக்கு இந்தப் பல்லை எடுத்துடுங்க. நாளைக்குக் காலைல நானே ஆஸ்பத்திரிக்குப் போயிடறேன். உங்க பேச்சையும் மீறல, என் வேலையும் முடிஞ்சுது."

"எடுக்க மாட்டேன்."

"அடுத்த தெருவுல எடுத்துடுவாங்க."

"எடுப்பாங்க."

அவர் தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். துண்டைக் கழுத்திலிருந்து உருவி வைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து இறங்கிக் கதவை நோக்கி நடந்தார். இது அவர் வாழ்நாளில் பொய்க்காத வித்தை. வாசல் தாண்டுவதற்குள், 'சரி வாங்க, என்னதான் சொல்றீங்க' என்று பின்னாலிருந்து குரல் வரும். அந்தக் குரலின் தலையில்தான் அவர் குடும்பம் நடத்தியிருக்கிறார்.

குரல் வரவில்லை. டாக்டரம்மாதான் வந்தாள். அவருக்கு முன்னால் போய், கதவை மறித்து, நிலையில் கை வைத்து நின்றாள். அவர் தோளுயரம் கூட இல்லை.

"எங்க வேணா போங்க. ஆனா நடந்து போகக் கூடாது. ஒரு படிகூட இறங்கக் கூடாது. உக்காருங்க."

உட்கார்ந்தார். கூப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறார், போய்த் தொலை என்கிறவர்களையும் பார்த்திருக்கிறார். வாசலை மறிக்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறார்.

"நீங்க வித்த ஜிப் பழுதாப் போச்சுன்னா, உடுத்துறவங்க யாரத் திட்டுவாங்க?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"டெய்லரை."

"அதே கதைதான். இதயத்துக்கு ரத்தம் கொண்டு போற குழாய் அடைச்சா, படியேறும்போது அதுக்குப் பத்தாமப் போயிடும். அது கத்தும். ஆனா அந்தச் சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு மூளைக்குச் சில நேரம் சரியாத் தெரியாது. தாடையிலன்னு நினைச்சுக்கும், தோளுலன்னு நினைச்சுக்கும். எல்லாருக்கும் நெஞ்சுலதான் வலிக்கணும்னு இல்ல. நான் சொல்றது சந்தேகம்தான். ஈசிஜி எடுத்து, ரத்தம் பாத்து ஆஸ்பத்திரியிலதான் உறுதியாச் சொல்லணும். ஆனா சும்மா இருக்கும்போதே வந்துடுச்சே, இனி தள்ளிப்போடுற விஷயமில்ல."

வயிற்றுப்புண் உண்டா, ரத்தக்கசிவு ஏதாவது உண்டா, எந்த மாத்திரையாவது ஒத்துக்காமல் போனதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இல்லை, இல்லை, இல்லை. இந்த மூன்று இல்லையும் சுத்தமான சரக்கு. ஆஸ்பிரின் ஒன்றைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னாள். மென்றார். கசந்தது.

வெளியே காத்திருக்கும் அறை அவர் கண்ணில் பட்டது. ஐந்து நாற்காலிகள், ஐந்தும் காலி. காலையிலிருந்து வேறு ஆள் வந்த அடையாளம் இல்லை. இப்படி ஈயாடும் கடைக்குள் ஒருவன் தானாக வந்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள் என்று கெஞ்சியிருக்கிறான். பிடுங்கிப் போட்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அவனும் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பான், அடுத்த பல்லுக்கும் இங்கேயே வந்திருப்பான். எத்தனையோ கெட்டிக்காரர்களோடு மோதியிருக்கிறார். என் சரக்கு உனக்குத் தேவையில்லை என்று சொல்லிக் குறுக்கே நிற்கிற கெட்டிக்காரத்தனத்தை அவர் எந்தக் கடைத்தெருவிலும் சந்தித்ததில்லை. பொறாமையாகக்கூட இருந்தது.

கீழே டயர் கடை. ஆம்புலன்ஸ் வந்து நின்றதும் அங்கிருந்து இரண்டு பேர் கிரீஸ் கையோடு ஏறி வந்து, அவரை வெளி அறை நாற்காலி ஒன்றில் உட்கார வைத்துத் தூக்கினார்கள்.

"மாப்பிள்ளையா இருந்தப்பகூட என்னை யாரும் இப்படித் தூக்கல," என்றார்.

"அப்ப தூக்கற எடையில இருந்தீங்க," என்றாள் மனைவி. அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கூடவே இறங்கினாள்.

வண்டிக்குள் படுக்க வைத்தபோது தாடையில் அந்தப் பிடி மறுபடி தொடங்கியது. யாரும் கேட்கவில்லை. "வந்துடுச்சு," என்றார் அவராகவே. "லேசா இல்ல. நல்லாவே வலிக்குது." மனைவி அவர் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டாள். கூட வந்த நர்ஸ் அவர் மார்பில் வரிசையாக வயர்களை ஒட்டத் தொடங்கினாள்.

வண்டி நகரவில்லை. தெரு அடைத்திருந்தது. எதிரே சரக்கு லாரி ஒன்று ஹாரனை அமுக்கிக்கொண்டு நின்றது. கண்ணாடி வழியாகப் பார்த்தார். நட்டநடுத் தெருவில் டாக்டரம்மா நின்றிருந்தாள். முகக்கவசம் தாடைக்கு இறங்கியிருந்தது, நெற்றி விளக்கை அணைக்க மறந்திருந்தாள். கொளுத்துகிற வெயிலில் அந்தச் சின்ன வெளிச்சம் லாரியின் முகப்பில் படிந்து ஆடியது. கையுறை போட்ட கையை உயர்த்தி அவள் ஏதோ சொன்னாள். லாரி, தன் அத்தனை மூட்டைகளோடும், ஓரடி ஓரடியாகப் பின்னுக்குப் போகத் தொடங்கியது.