பதினேழாவது கார்

"அந்த லெட்டரை எங்கிட்ட குடு."

அண்ணன் கையை நீட்டியபடி அறை வாசலில் நின்றான். அவள் நிமிரவில்லை. அப்பாவின் வெள்ளைச் சட்டையை மடியில் போட்டு, முதுகு நடுவே நேராக வெட்டிய இடத்தில் இரண்டு ஓரங்களையும் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். விறைத்த உடம்புக்குச் சட்டை மாட்ட வேண்டுமென்றால் முதுகை வெட்டித்தான் ஆகவேண்டும் என்று சவ வண்டிக்காரர்கள் சொன்னார்கள். கத்தரியை அவர்கள் கையில் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. இருபத்தாறு வருடமாகத் தையல் கடை நடத்துகிறவள். முதுகை யாரும் பார்க்கப்போவதில்லை என்பதெல்லாம் அவளிடம் எடுபடாது.

"குடுக்க மாட்டேன். மண்டபத்துல படிக்கப் போறேன்."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்தான். அப்பா அப்படித்தான் சொன்னாரு."

"அப்பா மருந்து மயக்கத்துல ஆயிரம் சொன்னாரு. என்னையே டிப்போ மேனேஜர்னு நெனச்சு ரெண்டு நாள் லீவு கேட்டாரு."

"அது திங்கக்கெழமை. லெட்டர் சொன்னது புதன்கெழமை. புதன்கெழமை அவருக்கு இருந்த தெளிவு நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து இல்ல."

அண்ணன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் இருபது பேரை மேய்க்கிறவன். கோபத்தில் காரியம் நடக்காது என்று தெரிந்தவன்.

"சரி, படி. நடுவுல இருக்கிற அந்த நாலு வரி மட்டும் வேணாம். செத்த மனுசனை நாமளே காட்டிக் குடுக்கணுமா?"

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். அந்த நாலு வரிக்காகத்தான் அப்பா கடிதமே எழுதச் சொன்னார் என்பது அவளுக்குத் தெரியும்.

அப்பா பஸ் பணிமனையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியதில்லை, அதிலும் திருப்பம் வந்தால் இறங்கித் தள்ளுவார். ஆனால் ஒரு பழைய பந்தயக் காரின் மங்கலான படத்தில் பாதி விளக்கும் கால்வாசிச் சக்கரமும் தெரிந்தால் போதும், எந்தப் பட்டறை, எந்த வருடம், அந்த வரிசையில் எத்தனையாவது வண்டி என்று சொல்லிவிடுவார். கேள்விப்படாத நாடுகளிலிருந்தெல்லாம் தடித்த உறைகளில் படங்கள் வரும். சாப்பாட்டு மேசையில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தால் வீடே வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் சொன்னதுதான் தீர்ப்பு. வீட்டில் அவர் பேச்சுக்கு அத்தனை மரியாதை இல்லை என்பது வேறு விஷயம்.

எல்லாவற்றிலும் அவருக்கு உயிரான வேலை ஒரு பதிவேடு. ஒரு சின்னப் பட்டறை மொத்தமே பதினேழு கார்கள் செய்துவிட்டு மூடிப்போனது. அவற்றை ஒவ்வொன்றாகப் படத்தோடு தேடிப் பிடித்துப் பதிந்தார். பதினாறு கிடைத்தன. பதினேழாவது பக்கம் காலியாகவே இருந்தது.

முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால், பழைய கார் சங்கத்தின் கூட்டத்துக்கு ஒரு பேக்கரிக்காரர் வந்தார். புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது என்று அப்பா அந்தக் காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் கையில் ஒரே ஒரு படம். இளவயதில் அவர் ஒரு காரின் பின்பக்கம் சாய்ந்து நிற்கிறார், கதவில் எட்டு என்று பந்தய எண். அந்தக் காரை அவர் மூன்று பந்தயங்களில் ஓட்டினாராம். அப்புறம் அது பாலத்திலிருந்து விழுந்து நொறுங்கிப் பழைய இரும்பாகப் போய்விட்டது. அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அந்தக் காலிப் பக்கத்தில் தன் படத்தை ஒட்டிக்கொள்ளச் சொன்னார்.

அந்தப் பட்டறை ஸ்டீயரிங்கைக் கேட்டவர்களுக்குக் கேட்ட பக்கம் வைத்துக் கொடுத்தது. பெட்ரோல் மூடியை மட்டும் எல்லாக் காரிலும் இடது பக்கம் வைத்தது. பிற்பாடு வேறு ஆட்கள் அதைப் பார்த்துச் செய்த நகல்களில்தான் மூடி வலது பக்கம் இருக்கும். பேக்கரிக்காரரின் படத்தில் அது வலது பக்கம் இருந்தது.

"பெட்ரோல் எந்தப் பக்கம் ஊத்துவீங்க?" என்று அப்பா கேட்டிருக்கிறார்.

"இடது பக்கம்தான். நல்லா ஞாபகம் இருக்கு."

"அப்போ படத்துல இருக்கிறது நீங்க சொல்ற கார் இல்ல. படம் பொய் சொல்லாது. மனுசன்தான் சொல்லுவான்."

சங்கமே சிரித்தது. பேக்கரிக்காரர் படத்தை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து அவருக்கு 'நகல்' என்று பேராகிவிட்டது. சங்கத்தில் ஆரம்பித்தது தெருவுக்கு வந்தது. 'நகல் கடையில ரொட்டி வாங்கிட்டு வா' என்று பிள்ளைகளை அனுப்புகிற அளவுக்குப் போனது. அவளும் அப்படித்தான் சொல்லி வளர்ந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

போன புதன்கிழமை அப்பா பழைய படப்பெட்டியைக் கேட்டார். அவள் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். அந்தப் படம் வந்ததும் கை நின்றது.

"இந்தாளுக்கு யாருப்பா சட்டை தச்சது?"

"காரைப் பாரு. ஆளை எதுக்குப் பாக்கிற?"

"பை வலது பக்கம் இருக்குப்பா. பித்தானும் பொம்பளைங்க சட்டை மாதிரி மாறியிருக்கு. ஆம்பளைச் சட்டையை எவனும் இப்படித் தைக்க மாட்டான்."

அப்பா சவரம் பண்ணும் கண்ணாடியை எடுத்து வரச் சொன்னார். படத்தைக் கண்ணாடிக்கு எதிரே பிடிக்கச் சொன்னார். கண்ணாடிக்குள் சட்டைப்பை இடது பக்கம் வந்தது. பெட்ரோல் மூடியும் இடது பக்கம் வந்தது. கதவில் இருந்த எண் மட்டும் அப்படியே இருந்தது.

"எட்டு எந்தப் பக்கம் திருப்பினாலும் எட்டுதானே" என்றார் அப்பா. "படம் கழுவினவன் நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருக்கான். பாவி, நான் அந்த ஆளை ஒரு தடவைகூடப் பாக்கலையே."

அவர் அழுதுவிடுவார் என்று நினைத்தாள். அழவில்லை. தலையணையை முதுகுக்கு வைக்கச் சொல்லி எழுந்து உட்கார்ந்தார். ஒரு மாதமாக உட்காராத மனிதர். எழுதிக்கொள் என்றார். பக்கத்தில் வேறு தாள் இல்லாமல் அவள் அளவு எழுதும் நோட்டிலேயே எழுதினாள். இடுப்பு முப்பத்தாறு, தோள் பதினெட்டு என்று யாரோ ஒருவரின் அளவுக்குக் கீழே அப்பா தன் குற்றத்தைச் சொல்லிக்கொண்டு போனார். கையெழுத்துப் போட அவருக்கு நாலு நிமிடம் ஆனது.

"நானே கடைக்குப் போய் அவர்கிட்ட குடுத்துடறேம்ப்பா" என்றாள்.

"அது போதாது. கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொன்னேன். கூட்டத்துல எல்லார் முன்னாடியும்தான் திருப்பி வாங்கணும். ஞாயித்துக்கெழமை என்னைத் தூக்கிட்டுப் போங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்துவிட்டார். சங்கத்தார் மொத்தமும் அஞ்சலிக்கு மண்டபத்தில் கூடப்போவது இன்றைக்குத்தான். இன்று விட்டால் அப்புறம் அது ஒரு தாள், அவ்வளவுதான்.

சட்டையை மடித்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டு அவள் நேராக பேக்கரிக்குப் போனாள். எழுபத்தாறு வயதிலும் மனிதர் தானே நின்று ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அடுப்பு விசிறி இரைந்தது. அவள் மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். சட்டைப்பை, கண்ணாடி, எட்டு. அவர் கத்தியை நிறுத்தவில்லை.

"சாவுக்கு வரச் சொல்றியா, சமாதானத்துக்கு வரச் சொல்றியா?"

"ரெண்டும் இல்லீங்க. கேக்க வாங்க."

"முப்பத்தோரு வருசமா நான் கேட்டது போதும்மா."

அவள் வெளியே வந்தாள். அவருக்கு இருந்த கோபம் நியாயமாகத்தான் பட்டது. அப்பா மேல் அவளுக்கும் கோபம் இருந்தது. அந்தக் கோபத்துக்கு நடுவிலும், ஒரு மாதமாகப் படுத்துக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்ததை நினைக்கும்போதெல்லாம் பெருமை தாங்கவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. அப்பா பெட்டிக்குள் வெள்ளைச் சட்டையோடு படுத்திருந்தார், முன்பக்கம் ஒரு சுருக்கம் இல்லை. தலைமாட்டில் சங்கம் வைத்த பெரிய மலர்வளையம். அண்ணன் ஏற்கெனவே காதில் ஓதிவிட்டான் போலும், சங்கச் செயலாளர் அவளை ஓரமாக அழைத்தார்.

"விஷயம் கேள்விப்பட்டேம்மா. யானைக்கும் அடி சறுக்கும். பதிவேட்டோட புது பதிப்பு அச்சுக்குப் போகுது, அட்டையில அப்பா படம்தான். இதை உள்ளே ஒரு அடிக்குறிப்பா போட்டுடலாம். அழகா முடிஞ்சிடும்."

"அடிக்குறிப்பை யாரு சார் படிப்பாங்க?"

"யாரும் படிக்க மாட்டாங்க. அதான் சொல்றேன்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. "இங்க பாரும்மா, உங்க அப்பா பேரைக் காப்பாத்தத்தான் பாக்கிறோம்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுக்குப் பேரு காப்பாத்துறதா?"

செயலாளர் மைக்குக்குப் போனார். நல்ல பேச்சாளர். அப்பாவின் பூதக்கண்ணாடி, அப்பாவின் சைக்கிள், அப்பாவின் பொறுமை என்று அடுக்கிக்கொண்டே போனார். அப்பாவுக்குப் பொறுமை இருந்தது என்பது வீட்டுக்குப் புதுச் செய்தி.

"நாப்பது வருஷம். ஆயிரக்கணக்கான படங்கள். அந்தக் கண்ணு ஒரு தடவைகூடத் தப்பு பண்ணினதில்ல" என்று முடித்தார்.

"பண்ணிச்சு" என்றாள் அவள்.

எழுந்து நின்றிருந்தாள். அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் கையை உதறவில்லை. அவன் பிடித்தபடியே இருக்க, மறு கையால் நோட்டை விரித்தாள். செயலாளர் மைக்கை அணைத்தார். ஆறு தையல் இயந்திரங்கள் ஓடும் கடையில் பேசிப் பழகியவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"சங்க உறுப்பினர்களுக்கு. முப்பத்தோரு வருடங்களுக்கு முன்னால் உங்கள் எல்லார் முன்னிலையிலும் ஒரு மனிதரைப் பொய்யர் என்றேன். அவர் சொன்னது உண்மை. படம் இடம் வலமாக மாறி அச்சாகியிருந்தது. பெட்ரோல் மூடி அவர் சொன்ன பக்கம்தான் இருந்தது. பதினேழாவது கார் அவருடையது."

அண்ணன் பிடியை இறுக்கினான். நாலு வரி வரப்போகிறது என்று அவனுக்குத் தெரியும்.

"கண் செய்த பிழை என்று என்னை விட்டுவிடாதீர்கள். பின்விளக்கின் கீழே மூன்று திருகாணிகள் இருப்பதை அன்றைக்கே பார்த்தேன். நகலில் இரண்டுதான் இருக்கும். பார்த்தும் சொல்லவில்லை. ரொட்டி சுடுகிறவனுக்கு இப்படி ஒரு கார் எப்படி வந்திருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தவன் சொந்தமாக ஒரு ஸ்கூட்டர்கூட இல்லாத பஸ் பணிமனைக் குமாஸ்தா. இதையும் பதிந்துகொள்ளுங்கள். அவரை நகல் என்று கூப்பிட்டவர்கள் இனி அந்தப் பேரால் என்னைக் கூப்பிடலாம்."

கையெழுத்தையும் தேதியையும்கூடப் படித்தாள். மண்டபத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். செயலாளர் மலர்வளையத்தின் நாடாவைச் சரிசெய்தார், அது சரியாகத்தான் இருந்தது.

"எனக்குச் சரியா கேக்கலம்மா."

குரல் பின்னாலிருந்து வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். வாசலை ஒட்டிக் கடைசி நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி பேக்கரிக்காரர் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. உட்காரவில்லை. காலையில் அடுப்பு இரைச்சலுக்கு நடுவே அவள் மெல்லச் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டவர் அவர்.

"முதல்லேருந்து படி" என்றார். "நிதானமா."

அண்ணன் அவள் மணிக்கட்டை விட்டான். எழுந்தான். நோட்டைப் பிடுங்கத்தான் போகிறான் என்று அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவன் அவளைத் தாண்டிச் சுவர்ப் பக்கம் போனான். தலைக்கு மேல் கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினான்.

கடைசி விசிறி சுற்றி நிற்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு முதல் வரிக்குப் போனாள்.